ஐந்து பேர் வீட்டுக்கு முதல் போர்டு கேம்: கேட்டானா, டிக்கெட் டு ரைடா?

கேள்வி இதுதான். நாகர்கோவிலில் வீடு. ஆடப்போவது ஐந்து பேர்: கணவன், மனைவி, பிளஸ் ஒன் படிக்கும் மகன், எட்டாம் வகுப்பு மகள், ஆச்சி. ஆச்சிக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. ஆனால் சீட்டில் இருபத்தெட்டு ஆட உட்கார்ந்தால் யாரையும் விடமாட்டார். கையில் ரூ.5,000. பார்க்கிற விமர்சனமெல்லாம் கேட்டானையே சொல்கிறது. மழைக்காலத்தில் அட்டை வளைந்துவிடுமோ என்ற பயமும் இருக்கிறது.

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். டிக்கெட் டு ரைடு, அமெரிக்க வரைபடப் பதிப்பு. காசு மிஞ்சினால் தி க்ரூ என்ற சீட்டாட்டம். கேட்டான் இப்போதைக்கு வேண்டாம்.

கேட்டான் மோசமான ஆட்டம் என்று யாரும் சொல்ல முடியாது. கிளவ்ஸ் டாய்பர் உருவாக்கி 1995-இல் வந்தது. அந்த வருஷத்து ஜெர்மன் ‘ஆண்டின் சிறந்த ஆட்டம்’ விருதும் அதற்கே. சிக்கல் தலைக்கணக்கில். அடிப்படைப் பெட்டி 3 அல்லது 4 பேருக்கு மட்டும். ஐந்தாவது ஆளுக்கு 5–6 பேர் விரிவாக்கப் பெட்டியைத் தனியாக வாங்க வேண்டும், அதை மட்டும் வைத்து ஆடவும் முடியாது. வாங்கினாலும் ஐந்து பேர் ஆடும்போது இரண்டு மணி நேரம் சாதாரணமாக ஓடிவிடும். “எனக்க முறை எப்பம் வரும்?” என்று ஆச்சி இரண்டு தடவை கேட்டுவிட்டால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டியைத் திறக்க மாட்டீர்கள்.

இன்னொரு சங்கடம் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே காத்திருக்கிறது. கேட்டானில் ஒவ்வொரு நிலத்தின் மேலும் ஒரு எண் வில்லை இருக்கும்; பகடையில் அந்த எண் விழுந்தால் அந்த நிலத்தை ஒட்டிக் குடியிருப்பு வைத்தவருக்குப் பண்டச் சீட்டு கிடைக்கும். இரண்டு பகடைக்கு 36 சேர்க்கைகள். அதில் 6-க்கு 5, 8-க்கு 5. 2-க்கும் 12-க்கும் ஒவ்வொன்று. எண் வில்லைகளில் எண்ணுக்குக் கீழே இருக்கும் புள்ளிகள் இதைத்தான் காட்டுகின்றன. முதல் குடியிருப்பை மூன்று நிலம் சேரும் முனையில் வைக்கும்போது மூன்று வில்லையின் புள்ளிகளையும் கூட்ட வேண்டும். 10-க்கு மேல் வந்தால் நல்ல இடம். சிவப்பு எண்கள் (6, 8) அடுத்தடுத்து வராமல் அடுக்கினால் 13-தான் உச்சம். புதிதாக ஆடுகிறவர் இது தெரியாமல் 6, 7 புள்ளியில் போய் உட்கார்ந்துவிட்டு, ஒன்றரை மணி நேரம் கையில் சீட்டே வராமல் மற்றவர்கள் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். போதாததற்கு 36-இல் 6 தடவை ஏழு விழும்; ஏழு சீட்டுக்கு மேல் வைத்திருப்பவர் பாதியைக் கீழே போட வேண்டும், ஒரு நிலத்தை முடக்கிப் போடும் திருடன் வேறு வருவான். பண்டமாற்றில் வாய் கொடுத்துப் பேரம் பேசுகிறவர்கள் கூடினால் இதெல்லாம் ருசி. பேரம் பேசக் கூச்சப்படும் வீட்டில் ஆட்டம் வறண்டுவிடும். மகனும் கூட்டாளிகளுமாக நாலு பேர் ஆடுவதென்றால் தயங்காமல் கேட்டானை வாங்கிக் கொடுங்கள்.

விமர்சனம் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். போர்டுகேம்கீக் தளத்தில் எல்லோரும் பார்ப்பது பத்துக்கு இத்தனை என்ற மதிப்பெண். வீட்டுக்கு உதவுவது அதற்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு தகவல்கள். ஒன்று, எத்தனை பேருக்கு உகந்தது என்று ஆடியவர்கள் போட்ட வாக்கு. பெட்டியில் ‘2–5’ என்று அச்சடித்திருந்தாலும் ‘ஐந்துக்கு வேண்டாம்’ என்று வாக்கு விழுந்திருக்கும் ஆட்டங்கள் உண்டு. இன்னொன்று ‘எடை’, அதாவது ஒன்று முதல் ஐந்துவரை சிக்கலின் அளவு. டிக்கெட் டு ரைடு 2-க்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது, கேட்டான் 2-ஐத் தாண்டுகிறது. கலப்பான வயதுள்ள வீட்டில் முதல் பெட்டி 2-க்கு மேல் போகாமல் இருப்பது நல்லது.

இனி டிக்கெட் டு ரைடு. ஆலன் ஆர். மூன் உருவாக்கியது, 2004-இல் வந்தது, அதே ஜெர்மன் விருதை அந்த வருஷம் வாங்கியது. 2 முதல் 5 பேர். வரைபடத்தில் 36 ஊர்கள், ஊர்களுக்கு நடுவே வண்ணக் கட்டங்களாகத் தடங்கள். தன் முறை வந்தால் மூன்றில் ஒன்றைச் செய்யலாம்: இரண்டு ரயில் சீட்டு எடுக்கலாம், அல்லது ஒரே நிறச் சீட்டுகளைப் போட்டு ஒரு தடத்தில் தன் ரயில்களை வைக்கலாம், அல்லது புது டிக்கெட் எடுக்கலாம். முறை பெரும்பாலும் இருபது முப்பது நொடியில் முடிந்துவிடுவதால் ஐந்து பேர் உட்கார்ந்தாலும் காத்திருப்பது தெரியாது. டிக்கெட் என்பது ‘இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்குத் தொடர்ச்சியாகப் பாதை போடு’ என்ற ரகசிய வேலை. விவேக் எக்ஸ்பிரஸ் திப்ருகர் வரைக்கும் 4,000 கி.மீ.க்கு மேல் ஓடுவது நம்ம கன்னியாகுமரியிலிருந்துதான், ஆகவே நெடுந்தூர டிக்கெட்டை ஆச்சிக்கு விளக்கச் சிரமப்பட வேண்டியதில்லை.

ஆங்கிலம் எவ்வளவு தடையாகும்? ரயில் சீட்டில் நிறமும் குறியும்தான், வாசிக்க ஒன்றுமில்லை. டிக்கெட்டில் ஊர்ப்பெயர் ஆங்கிலத்தில் இருந்தாலும், சின்ன வரைபடம் போட்டு இரண்டு ஊரையும் காட்டியிருக்கும். அதோடு, பலகையைப் போனில் படமெடுத்து ஏ4 தாளில் அச்சடித்து, 36 ஊரின் பெயரையும் மகளைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். ஆச்சி அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடலாம். பலகை மேல் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், நம்மூர் ஈரத்தில் பசை இளகி, உரிக்கும்போது அச்சையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வரும். இந்த ஆட்டத்துக்கு ஐரோப்பா பதிப்பும் உண்டு. அதில் நிலையங்கள் இருப்பதால் வழி அடைபட்டவர் தப்பிக்கலாம் என்று பலர் அதைத்தான் முதலில் சொல்வார்கள். ஆனால் ஊர்ப்பெயர்கள் அந்தந்த நாட்டு எழுத்துக்கூட்டலில் இருக்கும், சுரங்கம், படகுத்தடம் என்று கூடுதல் விதிகளும் வரும். உங்கள் வீட்டுக்கு அமெரிக்காவே சரி.

தொடங்கும்போது ஆளுக்கு 45 ரயில், 4 சீட்டு, 3 டிக்கெட். டிக்கெட்டில் குறைந்தது இரண்டை வைத்துக்கொள்ள வேண்டும். சீட்டுக்கட்டில் மொத்தம் 110: எட்டு நிறம், நிறத்துக்கு 12, அதோடு 14 எஞ்சின். எஞ்சின் எந்த நிறத்துக்கும் செல்லும். ஐந்து சீட்டு முகம் தெரிய விரித்திருக்கும். புதியவர்கள் தப்பாக ஆடுவது பெரும்பாலும் இங்கேதான். விரித்த சீட்டிலிருந்து எஞ்சின் எடுத்தால் அந்த முறை அத்தோடு முடிந்தது. இரண்டாவது சீட்டாகவும் விரித்த எஞ்சினை எடுக்க முடியாது. ஆனால் கட்டிலிருந்து கண்மூடி எடுத்த சீட்டு எஞ்சினாக இருந்தால் அது அதிர்ஷ்டம், இரண்டாவது சீட்டும் எடுக்கலாம். விரித்த ஐந்தில் மூன்று எஞ்சின் வந்துவிட்டால் ஐந்தையும் தள்ளிவிட்டுப் புதிதாக விரிக்க வேண்டும். சாம்பல் நிறத் தடத்துக்கு எந்த நிறமும் போடலாம், ஆனால் போடுகிற சீட்டெல்லாம் ஒரே நிறமாக இருக்க வேண்டும். கலந்து போடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தப்பு.

இரட்டைத் தடங்களில் இரண்டும் திறந்திருப்பது 4, 5 பேர் ஆடும்போது மட்டும், அப்போதும் ஒரே ஆள் இரண்டையும் பிடிக்க முடியாது. பிள்ளைகள் டியூஷன் போன நாளில் மூன்று பேர் ஆடினால் ஒன்றுதான் திறப்பு. யாராவது ஒருவரிடம் ரயில் இரண்டோ அதற்குக் குறைவோ ஆனதும் ஆட்டத்தை அங்கேயே நிறுத்திவிடக் கூடாது. அவரையும் சேர்த்து எல்லோருக்கும் இன்னொரு முறை உண்டு.

மதிப்பெண்ணில்தான் ஆட்டத்தின் மூளை இருக்கிறது. தடத்தின் நீளம் 1, 2, 3, 4, 5, 6 என்றால் புள்ளி முறையே 1, 2, 4, 7, 10, 15. அதே ஆறு ரயிலை ஒவ்வொன்றாக ஆறு குட்டித் தடங்களில் வைத்தால் 6 புள்ளி. ஒரே நீளத் தடத்தில் வைத்தால் 15. டிக்கெட் முடியாவிட்டால் அதன் மதிப்பு கழியும். சியாட்டில்–நியூயார்க் 22 புள்ளி டிக்கெட். முடித்தவருக்கும் கோட்டை விட்டவருக்கும் 44 வித்தியாசம். அதனால் கடைசிச் சுற்றுகளில் ‘சும்மா ஒரு டிக்கெட் எடுத்துப் பார்ப்போம்’ என்ற ஆசைக்கு விலை அதிகம். மிக நீண்ட தொடர்பாதைக்கு 10 புள்ளி தனி.

ஐந்து பேரோடு ஆடும்போது வரைபடத்தில் நெரிசல் கடுமை. நாஷ்வில்–அட்லாண்டா ஒரே கட்டம், ஹூஸ்டன்–நியூ ஆர்லியன்ஸ் இரண்டு கட்டம், இரண்டும் ஒற்றைத் தடங்கள். டிக்கெட் அந்த வழியாகப் போகிறதென்றால் சீட்டு சேர்த்துக்கொண்டே இருக்காமல் முதல் சில முறைகளிலேயே பிடித்துவிடுங்கள். குட்டித் தடத்தைப் பிடித்தால் எங்கே போகிறோம் என்று காட்டிக்கொடுத்துவிடும் என்று சிலர் தயங்குவார்கள். ஐந்து பேர் மேசையில் அந்தத் தயக்கம் வீண்.

ஆட்டத்தின் குறையையும் சொல்ல வேண்டும். நடுவில் எடுக்கும் டிக்கெட் ஏற்கெனவே போட்ட பாதையிலேயே முடிந்திருந்தால் இருந்த இடத்தில் 10, 12 புள்ளி கிடைக்கும். அது வெறும் அதிர்ஷ்டம். முதல் பத்து நிமிஷம் எல்லோரும் சீட்டையே எடுத்துக்கொண்டிருப்பதால் மந்தமாகவும் இருக்கும். பலகையின் ஓரத்தில் புள்ளி எண்ணும் காய் ஒரு முழங்கை பட்டால் நகர்ந்துவிடும், அதனால் கடைசியில் தடங்களை எண்ணி மொத்தத்தையும் சரிபார்ப்பது நல்லது.

தி க்ரூவை நான் சொல்வது ஆச்சிக்காக. தாமஸ் சிங் உருவாக்கி 2019-இல் வந்தது. 40 ஆட்டச் சீட்டு: நாலு நிறம், ஒவ்வொன்றிலும் 1 முதல் 9, அதோடு நாலு ராக்கெட், அவைதான் நிரந்தரத் துருப்பு. ஐந்து பேருக்கு ஆளுக்கு எட்டு சீட்டு. போட்ட நிறம் கையில் இருந்தால் அதையே போட வேண்டும், பெரியது பிடியை (அந்தச் சுற்றில் விழுந்த சீட்டுகளை) எடுக்கும். இருபத்தெட்டு ஆடுகிறவருக்கு இதற்கு மேல் பாடம் தேவையில்லை. மாற வேண்டியது இரண்டு பழக்கம். ஜாக்கி மூன்று, ஒன்பது இரண்டு என்ற புள்ளிக் கணக்கு இங்கே இல்லை, 9-தான் பெரிசு. அடுத்தது, எதிர்க்கட்சி கிடையாது. எல்லோரும் ஒரே கட்சி. ‘மஞ்சள் 4 வரும் பிடியை ஆச்சி எடுக்க வேண்டும்’ என்பது போன்ற வேலைகள் வரும், ஒன்று தப்பினாலும் எல்லோரும் தோற்றார்கள். பேசக் கூடாது. சீட்டு மேசையில் திருட்டுத்தனமாகச் செய்கிற ஜாடைக்கு இங்கே விதியிலேயே இடம் உண்டு: ஒரு வேலைத்திட்டத்துக்கு ஒரே தடவை, ஒரு நிறச் சீட்டைத் திறந்து வைத்து, அது உங்கள் கையில் அந்த நிறத்தில் பெரியதா, சின்னதா, ஒன்றே ஒன்றா என்று வில்லையை வைத்துக் காட்டலாம். ராக்கெட்டைக் காட்டக் கூடாது. மொத்தம் 50 வேலைத்திட்டங்கள், படிப்படியாகக் கடினமாகும். இதன் பின்வரவான ஆழ்கடல் பதிப்பை (2021) விமர்சகர்கள் பலர் மேலே வைப்பார்கள். ஆனால் அதில் வேலைச்சீட்டுகள் வாக்கியமாக இருக்கும். முதல் பதிப்பில் நிறமும் எண்ணும் மட்டும். உங்களுக்கு முதல் பதிப்பு.

கண்ணில் படும் மற்ற பெயர்களைப் பற்றி வேகமாக. அசூல் அருமை, வாசிக்க எழுத்தே இல்லை, ஓடுகள் கனமானவை, மழைக்கும் மின்விசிறிக்கும் அசையாது. ஆனால் 4 பேர்தான். விங்ஸ்பானில் 170 பறவைச் சீட்டு, அத்தனையிலும் ஆங்கிலம். ஆளுக்கு 26 முறை, ஐந்து பேருக்கு 130 முறை, இரவு சாப்பாடு தள்ளிப்போகும். சுசீந்திரம்–தேரூர் குளங்களில் (2022-இல் சர்வதேச ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தவை) பைனாகுலரோடு நிற்கிற ஆள் உங்கள் வீட்டில் இருந்தால், இரண்டு மூன்று பேருக்கு அதைவிட நல்ல பரிசு கிடையாது. பல்லாங்குழி ஆடிப் பழகியவர்கள் ஒரு நாள் ஃபைவ் ட்ரைப்ஸையும் பார்க்கலாம். 30 ஓடு, ஓட்டுக்கு மூன்றாக 90 மரக்காய். ஒரு ஓட்டிலிருந்து அள்ளி வழிநெடுகப் போட்டுக்கொண்டு போவது நம் கைக்குத் தெரிந்த வேலை. அதன் புள்ளிக் கணக்கு முதல் பெட்டிக்குக் கொஞ்சம் அதிகம்.

கோட்நேம்ஸை வாங்கவே வேண்டாம், வீட்டில் தமிழிலேயே செய்துவிடலாம். இரண்டு அணியாகப் பிரிந்து, ஒருவர் ஒற்றைச் சொல்லும் ஓர் எண்ணும் குறிப்பாகக் கொடுக்க, தன் அணிக்குரிய சொற்களை மற்றவர்கள் கண்டுபிடிக்கும் ஆட்டம் இது; எந்தச் சொல் யாருடையது என்பது குறிப்பு கொடுப்பவரின் சாவித்தாளில் இருக்கும், கொலையாளிச் சொல்லைத் தொட்ட அணி தோற்றது. 300 ஜிஎஸ்எம் ஏ4 தாளில் 9 × 5 செ.மீ. விசிட்டிங் கார்டு அளவில் பத்து சீட்டு வரும். 20 தாளுக்கு 200 சீட்டு. டிடிபி கடையில் லேசரில் எடுங்கள், இங்க்ஜெட் மை ஈரக்கையில் கலையும். 25 சீட்டை 5 × 5 ஆக அடுக்கி, சாவித்தாளில் முதலில் தொடங்கும் அணிக்கு 9, மற்றதற்கு 8, பொதுவானவை 7, கொலையாளி 1. இப்படிச் சாவித்தாள் குறைந்தது நாற்பது வேண்டும். குறைத்தால் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுவார்கள். சொற்களில் இரட்டைப் பொருள் உள்ளவை தாராளமாக இருக்கட்டும்: ஆறு, மாலை, திங்கள், நூல், படி, தாள். ஊர்ச்சொல்லும் வேண்டும்: வள்ளம், கருப்பட்டி, ரப்பர், பிச்சி, தேர், சிப்பி. அப்போதுதான் ‘தோவாளை, 3’ என்று பூச்சந்தை ஊரை ஒருவர் குறிப்பாகக் கொடுத்து, பிச்சி, மாலை, நூல் மூன்றையும் எடுக்க முடியும். ஒரு விதியை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்: மேசையில் இருக்கும் சொல் வேற்றுமை உருபோடோ புணர்ந்தோ குறிப்பில் வரக் கூடாது. ‘கடல்’ கிடக்கும்போது ‘கடற்படை’, ‘பனை’ கிடக்கும்போது ‘பனங்கிழங்கு’ செல்லாது. பேசிக்கொள்ளாவிட்டால் முதல் சண்டை இதில்தான் வரும்.

தரையில் பாய் விரித்து ஆடுகிறவர்கள் கோரைப்பாயின் மேல் நேராக வைக்காதீர்கள். அதன் வரிகளில் ரயில் சாயும், சீட்டைக் கிள்ளி எடுக்கவும் வராது. மேலே கெட்டியான போர்வையை நாலாக மடித்துப் போட்டால் போதும். ஆனி, ஆடிக் காற்றில் ஜன்னலைச் சாத்திவிட்டு மின்விசிறியைக் குறையுங்கள். விரித்த ஐந்து சீட்டும் தள்ளுசீட்டும்தான் முதலில் பறக்கும். நேந்திரங்காய் சிப்ஸ் தட்டு ஆடும் இடத்துக்குப் பின்னால் இருக்கட்டும். எண்ணெய் பட்ட சீட்டைத் துடைத்தாலும் அது மற்றவற்றோடு ஒட்டும், அடையாளமும் தெரிந்துவிடும்.

மழை. ஜூனில் ஒன்று, அக்டோபரில் ஒன்று என்று இரண்டு பருவமும் நனைக்கிற மாவட்டம் இது. கேரம் போர்டு மந்தமாகிற அதே ஈரம்தான் இந்தப் பெட்டிக்குள்ளும் போகிறது. ஆட்டப் பலகை, சாம்பல் அட்டையின் மேல் அச்சுத்தாளும் கீழே வேறு தாளும் ஒட்டியது. இரண்டு முகமும் ஒரே அளவு ஈரத்தை இழுப்பதில்லை. அதிகம் ஊதிய முகம் வெளிப்பக்கமாக வளையும். வளைந்துவிட்டால் வெயிலில் வைக்காதீர்கள், நிறமும் போகும், ஒட்டும் விடும். இஸ்திரிப் பெட்டியும் ஆகாது. மேடான பக்கம் மேலே இருக்கும்படி சமதரையில் வைத்து, கனமான புத்தகங்களை அடுக்கி ஒன்றிரண்டு நாள் விடுங்கள்.

தடுக்கிற வழி எளிது. மார்த்தாண்டத்திலோ கோட்டாரிலோ பாத்திரக்கடையில் கிடைக்கும், ரப்பர் வளையமும் கொக்கியும் உள்ள 25–30 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா ஒன்று. உள்ளே 200 கிராம் சிலிக்கா ஜெல், துணிப்பையில். நிறம் மாறும் வகையில் ஆரஞ்சு நிறத்ததை வாங்குங்கள். நீல வகையில் கோபால்ட் உப்பு இருக்கிறது, பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு வேண்டாம். நிறம் மாறியதும் ஓவனில் 110–120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் திரும்ப வேலை செய்யும். டப்பாவைச் சுவரை ஒட்டி வைக்காமல் நாலு விரல் தள்ளி வையுங்கள். மழை நாளில் ஆடி முடித்த சீட்டை உடனே ஜிப் பையில் அடைத்தால் ஈரத்தை நாமே பூட்டி வைத்ததாகும். அரை மணி நேரம் விசிறிக்குக் கீழே, மேலே ஒரு கனத்தோடு, கிடக்கட்டும்.

பீரோவில் போடுகிற பாச்சை உருண்டையை இந்த டப்பாவில் போடவே கூடாது. நாஃப்தலின் ஆவி சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கும். ரயில்களும் உள்தட்டும் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். டப்பா இறுக்கமாக மூடினால் ராமபாணப் பூச்சி வராது.

சீட்டுக்கு உறை போடலாமா என்றால், உறை கை வியர்வையைத் தடுக்கும், காற்றின் ஈரத்தைத் தடுக்காது. தி க்ரூவில் 40 சீட்டுதான், ஓயாமல் கலைப்பது, போடுங்கள். டிக்கெட் டு ரைடுக்கு அவசரமில்லை. சீட்டின் அளவு பதிப்புக்குப் பதிப்பு மாறும், ஸ்கேலால் அளந்துவிட்டு உறையை ஆர்டர் செய்யுங்கள்.

ஆன்லைனில் போலிகள் நிறைய. பதிப்பகத்தின் பெயர் இல்லாத படம், மற்ற கடைகளைவிடப் பாதி விலை, புதிதாக முளைத்த விற்பனையாளர் மூன்றும் சேர்ந்தால் ஒதுங்கிவிடுங்கள். பார்சல் வந்ததும் பிரிப்பதை வீடியோ எடுத்து, அன்றைக்கே எண்ணுங்கள்: ரயில் நிறத்துக்கு 45, ஐந்து நிறத்துக்கு 225, அதோடு சில உபரி, ரயில் சீட்டு 110, டிக்கெட் 30. வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்க எண் தெரிகிற மெல்லிய சீட்டு, முதுகுப்பக்க நிறம் ஒன்றுக்கொன்று மாறுவது, பலகையை விரித்தால் மடிப்பில் தடங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் நிற்பது, இவையெல்லாம் போலியின் அடையாளம். திருப்பி அனுப்பும் கெடு கொஞ்ச நாள்தான், ஆகவே ‘ஓணம் லீவில் திறப்போம்’ என்று மேலே தூக்கி வைக்காதீர்கள்.